லைல் ஸ்கோகனின் எழுபத்தாறு மைல்

லைல் ஸ்கோகன் கையில் சாசேஜ் ரொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். தின்னவில்லை. கடுகுச் சாஸ் வழிந்து மணிக்கட்டுக்கு வந்துவிட்டது, அதையும் துடைக்கவில்லை. மைதானத்துக்குப் பின்னால் இருந்த பீர் கொட்டகையின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே பிராண்ட்ரப் ஊர்க்காரர்கள் ஆள் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

மினசோட்டாவில் எங்கள் பக்கத்து வழக்கம் அது. வட்டார பேஸ்பால் போட்டியில் ஜெயித்த ஊர், மாநிலப் போட்டிக்குப் போகும்போது, தோற்ற ஊர்களிலிருந்து பந்து வீசுகிற பிட்சர்கள் மூன்று பேரைக் கடன் வாங்கிக்கொள்ளலாம். நேற்று எவன் பந்து வீச வரும்போது அவன் குடும்பத்தையே இழுத்துத் திட்டினோமோ, அவனுக்கே இன்று நம் ஊர்த் தொப்பியை மாட்டித் தோளில் கை போட வேண்டும். சனிக்கிழமை பிராண்ட்ரப்பிடம் தோற்றது லைலின் ஊரான ஹால்வர். தன் ஊர்த் தொப்பியோடோ, பக்கத்து ஊர்த் தொப்பியோடோ, கல்யாணமான நாளிலிருந்து லைல் மாநிலப் போட்டிக்குப் போகாத ஆகஸ்ட் கிடையாது. கல்யாண நாளும் ஆகஸ்டில்தான் வருகிறது. அவன் மனைவி அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திப் பல வருடமாகிறது.

வாரம் முழுக்க அவன் பால் லாரி ஓட்டுகிறவன். பண்ணை பண்ணையாகப் போய், கனமான குழாயைத் தோளில் இழுத்துப் போட்டு, தொட்டியில் இருக்கிற பாலை லாரிக்கு ஏற்றுவான். வயது முப்பத்தொன்பது. ஆனால் ஊரில் யாரும் அவனைப் பால் லாரிக்காரன் என்று சொல்வதில்லை. 'தொண்ணூறு மைல் லைல்' என்றுதான் சொல்வார்கள். ஒரு காலத்தில் அவன் பந்து மணிக்குத் தொண்ணூறு மைல் போனது. இப்போது போவதில்லை என்பது அவனுக்கும் அவன் கேட்சர் புட்சுக்கும் மட்டும் தெரிந்த விஷயமாக இருந்தது. வராத வேகம் வந்த மாதிரி கேட்கட்டும் என்று, கையுறையில் 'டமார்' என்று சத்தம் எழும்படி பந்தைப் பிடிக்கப் புட்ச் பழகியிருந்தான். இதைச் செய்யச் சொல்லி லைல் கேட்டதும் இல்லை, செய்வதாகப் புட்ச் சொன்னதும் இல்லை.

எல்லாவற்றையும் கெடுத்தவன் பிராண்ட்ரப் மேனேஜர் கோர்டி ஃபென்ஸ்கே. கோர்டி போலீஸ்காரன். நெடுஞ்சாலையில் பறக்கிற வண்டிகளைப் பிடிக்கிற வேகம் காட்டும் ரேடார் துப்பாக்கியைச் சனிக்கிழமை ஆட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்து வலைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டான். எண்பத்திரண்டு. எண்பத்தொன்று. மறுபடியும் எண்பத்திரண்டு. ஆட்டம் முடிவதற்குள் அந்த எண் லைலுக்கு முன்னாலேயே அவன் வீடு போய்ச் சேர்ந்துவிட்டது.

கொட்டகைக் கதவு திறந்தது. கோர்டி தொப்பையை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் தான் வந்தான்.

"லைல்! ரெண்டு பேரை எடுத்தாச்சு. ஒரு எடம் பாக்கி. உன்னை எடுக்கறதா, அந்தக் காலேஜ் பையன் கோல்பியை எடுக்கறதான்னு எங்காளுங்க உள்ள அடிச்சுக்கறானுங்க."

"இதுல அடிச்சுக்க என்ன இருக்கு?"

"அவன் தொண்ணூத்தொண்ணு போடறான்டா. நீ எண்பத்திரண்டு. ஹைவேல அந்த வேகத்துல எவனாவது போனா நான் எந்திரிக்கக்கூட மாட்டேன்."

"நீ எந்த வேகத்துக்குடா எந்திரிச்சே?" என்றான் புட்ச், ரொட்டியை மென்றபடி. "உன்னைத் தூக்கவே ரெண்டு ஆள் வேணும்."

கோர்டி அதைக் காதில் வாங்கவில்லை. "எங்க பேட்டர் மூணு பேர் நிப்பானுங்க. அவன் மூணு பேருக்கும் போடட்டும், நீயும் போடு. பார்த்துட்டு முடிவு பண்றேன்."

லைல் ரொட்டியைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு மைதானத்துக்கு நடந்தான். வீட்டுக்குக் கிளம்பியிருந்த கார்கள் எல்லாம் திரும்பி வந்து வேலியோரம் நின்றன. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒருவன் அவமானப்படுவதைப் பார்க்க எங்கள் ஊரில் எல்லோருக்கும் நேரம் இருக்கும்.

முதலில் கோல்பி. தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றிரண்டு. முதல் பேட்டர் மூன்று முறை காற்றை அடித்துவிட்டுப் போனான். இரண்டாமவன் பந்தை மட்டையால் உரசி ஒரு கேட்ச் கொடுத்தான். மூன்றாவது ரூடி டால்கே, மாட்டுப் பண்ணைக்காரன், வட்டாரத்திலேயே பெரிய அடிகாரன். அதே வேகம், அதே வேகம், மறுபடி அதே வேகம். ரூடி கணக்குப் பிடித்துவிட்டான். நான்காவது பந்து வேலியைத் தாண்டிச் சோளக்கொல்லைக்குள் போய் மறைந்தது.

"தொண்ணூத்திமூணு!" என்று கோர்டி துப்பாக்கியைப் பார்த்துப் பூரித்தான்.

"பந்து சோளத்துக்குள்ள போயிருச்சு கோர்டி," என்றான் புட்ச்.

"எவ்ளோ வேகமாப் போச்சு பார்த்தியா!"

லைல் பந்து வீசும் மேட்டில் ஏறினான். வலைக்குப் பின்னாலிருந்து அந்தத் துப்பாக்கி அவனையே பார்த்தது. புட்ச் உட்கார்ந்து கையுறையைக் காட்டிய இடம் லைலின் கண்ணில் படவே இல்லை. கையை முறுக்கி, பல்லைக் கடித்து, இடுப்பிலிருந்த பலத்தையெல்லாம் தோளுக்கு ஏற்றி விட்டெறிந்தான். வலது முழங்கையின் உட்பக்கம் சூட்டுக்கம்பி வைத்த மாதிரி சுரீர் என்றது. பந்து நட்டநடுவில் போய் நின்றது, வா அடி என்று. பேட்டர் அடித்தான். கோட்டுக்கு வெளியே பறந்து கோர்டியின் போலீஸ் கார்க் கூரையில் மடேரென்று விழுந்தது.

"எண்பத்தஞ்சு!" என்றான் கோர்டி. காரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

புட்ச் முகமூடியைத் தலைக்கு மேல் தள்ளிக்கொண்டு நிதானமாக நடந்து வந்தான்.

"கை என்னாச்சு?"

"கழண்டுருச்சு போல."

"நிறுத்திக்கலாமா?"

"நான் செத்தா நிறுத்து."

புட்ச் பந்தை அவன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினான். "அப்ப எனக்குப் போடு. அந்தத் துப்பாக்கிக்குப் போடாதே. அதுக்குக் கையா இருக்கு, பந்தைப் பிடிக்க?"

இனி வேகமாகப் போட லைலுக்கு ஆசை இருந்தாலும் கை இல்லை. அடுத்த பந்தை அதே ஆட்டம், அதே முறுக்கலோடு போட்டான். விரல் மட்டும் பந்தைத் தளர்த்தி விட்டது. அறுபத்தொன்று. பந்து வருவதற்கு முன்பே பேட்டர் மட்டையைச் சுழற்றி முடித்து, சுழன்ற வேகத்தில் மண்டியிட்டான். அதற்கடுத்தது எண்பது, அவன் முழங்காலை ஒட்டி. மந்தமான பந்துக்குக் காத்திருந்தவனுக்கு அது ரயில் மாதிரி வந்திருக்க வேண்டும். அவன் மட்டை தோளைவிட்டு இறங்கும்போது பந்து புட்சின் கையுறையில் இருந்தது. அவுட்.

இரண்டாமவனுக்கு எழுபத்தொன்பது, அறுபது, எழுபத்தெட்டு. வேலியோரம் நின்றவர்கள் கோர்டியின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து எண்ணைக் கூவ ஆரம்பித்தார்கள். ஏலம் மேலே போகாமல் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. "எழுபத்தேழு!" ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு நடுவில் அந்தப் பேட்டரும் மொண்ணையாக உருட்டிவிட்டு அவுட்டாகிப் போனான்.

லைல் சிரிக்கவில்லை. ஆள்காட்டி விரல் மரத்துக்கொண்டு வந்தது.

ரூடி மட்டையால் மண்ணைத் தட்டிக்கொண்டு வந்து நின்றான். தினமும் காலையில் லைல் பால் ஏற்றுவது இவன் பண்ணையில்தான்.

"லைல், என் மாடே இதைவிட வேகமா நடக்கும்டா!"

"நடக்கும். உன்னைவிட நல்லாவும் அடிக்கும்."

ரூடி அவசரப்படவில்லை. வெளியே போன பந்துகளை விட்டான், உள்ளே வந்ததை உரசித் தள்ளினான். இன்னொரு பந்து வெளியே போனால் ரூடிக்கு ஜெயம், ரூடி தவறவிட்டால் லைலுக்கு என்று வந்து நின்றது. கூவிக்கொண்டிருந்தவர்களும் வாயை மூடினார்கள். யாருடைய கார் ரேடியோவோ மட்டும் பாடிக்கொண்டிருந்தது. அதையும் யாரோ அணைத்தார்கள். லைல் ஐம்பத்தெட்டில் ஒன்று போட்டான். ரூடி அதை மயிரிழையில் உரசி வெளியே தள்ளிவிட்டு இளித்தான். மெதுவானதற்கே அவன் காத்திருப்பது தெரிந்தது.

புட்ச் கையுறையை ரூடியின் முழங்காலுக்கு உள்பக்கம் வைத்தான். லைல் மூச்சைப் பிடித்தான். முழங்கை வேண்டாம் என்றது. முழுக் கையையும் வீசினான்.

டமார்.

ரூடி மட்டையோடு அப்படியே நின்றான். முழுதாகச் சுழற்றக்கூட இல்லை.

கோர்டி துப்பாக்கியைப் பார்த்தான். தொடையில் ரெண்டு தட்டுத் தட்டி மறுபடி பார்த்தான். "பாட்டரி போச்சுன்னு நினைக்கறேன். ரூடி, எவ்ளோ இருக்கும் அது?"

"தொண்ணூறு," என்றான் ரூடி வியர்த்தபடி. "களவாணிப் பய, இவ்ளோ நேரம் ஒளிச்சு வெச்சிருந்தான். தொண்ணூறுக்குக் குறையாது."

கோர்டி துப்பாக்கியைத் திருப்பிக் காட்டினான். எழுபத்தாறு.

மைதானத்தில் எழுந்த சிரிப்பில் கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. கோர்டி மட்டும் சிரிக்கவில்லை. ரூடியைப் பார்த்தான், சோளக்கொல்லையைப் பார்த்தான், துப்பாக்கியைப் பார்த்தான். பிறகு தன் தலையிலிருந்த பிராண்ட்ரப் தொப்பியைக் கழற்றி மேட்டை நோக்கி வீசினான். லைல் அதை இடது கையால் பிடித்தான். ஏன் இடது கை என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை ரூடியின் பண்ணையில் லாரியை நிறுத்தி இறங்கினான். குழாயைத் தூக்கப் போனான். தோள் வரைக்கும் வலி ஏறியது. குழாய் கீழே விழுந்தது. நிமிர்ந்தால், மாட்டுக் கொட்டகை வாசலில் ரூடி.

"கோர்டிக்குத் தெரியுமா?"

"தெரியாது."

இவன் ஒரு போன் போட்டால் போதும், தொப்பி கோல்பிக்குப் போய்விடும். லைல் தன் பூட்ஸைப் பார்த்தபடி நின்றான். ரூடி வந்தான், குழாயை இழுத்தான், தொட்டியில் மாட்டினான், திருகைத் திறந்தான். பால் ஓடத் தொடங்கிய சத்தம் கேட்ட பிறகுதான் பேசினான்.

"வெள்ளிக்கிழமை மாநில ஆட்டத்துல போட முடியுமா?"

"மெதுவாப் போடுவேன்."

"மெதுவாத்தானே நேத்தும் போட்டே, சனியனே." ரூடி கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டான். "அதுவரைக்கும் இங்க குழாயை நான் இழுக்கறேன். மத்த பண்ணைக்காரனுங்ககிட்டயும் சொல்லிக்கறேன், முதுகு பிடிச்சிருக்குன்னு. ஆனா ஒண்ணு. கோர்டியோட பாட்டரி போயிருந்துச்சு. நேத்து நீ எனக்குப் போட்டது தொண்ணூறு. என் பொண்டாட்டி கேட்டாலும் தொண்ணூறு."

லைல் பூட்ஸிலிருந்து கண்ணை எடுத்தான்.

"தொண்ணூத்தொண்ணு," என்றான்.