விசிறியில் சிக்கிய மாலை நூல்

போன ஆயுத பூஜைக்கு எங்கள் பழைய காரின் முன்பக்கம் மாலை கட்டியவள் என் மனைவி. அது வாடியதும் நான் அவசரமாகப் பிடித்து இழுத்தேன்.

"அவுத்து எடுங்க. பிச்சு இழுத்தா நூலு உள்ள போயிரும்" என்றாள். நான் கேட்கவில்லை.

கோடையில் அவளைப் புற்றுநோய் சிகிச்சைக்குத் தினமும் அதே காரில் அழைத்துப் போனேன். நெரிசலில் நின்றால், சில நாள் ஏசியில் அனல் வரும். மெக்கானிக்கிடம் காட்டினால் ஒழுங்காகக் குளிரும். இரண்டு முறை கேஸ் மாற்றியும் பயனில்லை. வழியெல்லாம் காரைத் திட்டிக்கொண்டே ஓட்டுவேன்.

"விடுங்க, கண்ணாடிய இறக்குனா போதும்" என்பாள், வியர்வையில் நனைந்தபடி.

ஆடியில் அவள் போய்விட்டாள்.

காரை விற்றுவிட நினைத்து, அதற்குமுன் ஏசியைச் சரிபார்க்க அவனியாபுரத்தில் வேறொரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் முன்பக்கத்தைக் கழற்றிப் பார்த்தார்.

"அண்ணே, ஏசி ஃபேன்ல மாலை நூலு சுத்திக் கெடக்கு. அப்பப்ப சுத்த விடாம இறுக்கியிருக்கு. இம்புட்டுத்தான் கோளாறு."

கறுத்துப்போன நூலை என் கையில் வைத்தார்.

காரை நான் விற்கவில்லை. இனி ஏசி எந்த நெரிசலிலும் குளிரும் என்றார் மெக்கானிக். நான் போட்டுப் பார்க்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டே ஓட்டுகிறேன்.