ஒன்பதாவது கேள்வி

எங்கள் கல்லூரியில் ஆசிரியர்களுக்கும் மனம் என்று ஒன்று உண்டு என்பது, மதிப்பீட்டுக் குழு வரப்போகிற வருஷத்தில்தான் எல்லோருக்கும் நினைவு வரும். குழு கேட்கிற கோப்புகளில் ஆசிரியர் மனநலத்துக்கும் ஒரு கோப்பு உண்டு. அது காலியாகக் கிடந்தது. காலிக் கோப்பைப் பார்த்தால் எங்கள் முதல்வருக்குத் தூக்கம் வராது. ஆகவே போன வருஷம் ஒரு திங்கட்கிழமை, மதியம் இரண்டு மணிக்கு எல்லோரும் கருத்தரங்கக் கூடத்தில் கூடி மன அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. வராதவர்களிடம் விளக்கம் கேட்கப்படும் என்றும் அதில் இருந்தது.

எனக்கு அந்த நாட்களில் ஒரு சங்கடம் இருந்தது. பதினெட்டு வருஷமாக இயற்பியல் நடத்துகிறவள் நான். ஆனால் ஐந்து மாதமாக, வகுப்புக்குப் போகும் மாடிப்படியில் பாதி ஏறியதும் நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வேர்க்கும். கீழே இறங்கிப் போய், வண்டி நிறுத்துகிற ஷெட்டில் என் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்து அழுவேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு மறுபடி ஏறுவேன். வருகைப்பதிவு சாஃப்ட்வேர் கோளாறு, அதனால்தான் தாமதம் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். கோளாறு தினமும் உண்டு என்பதால் நம்பினார்கள். எதற்காக அழுகிறேன் என்று என்னையே கேட்டுப் பார்த்தேன், பதில் வரவில்லை. கடைசியில் ராஜினாமாக் கடிதம் டைப் செய்து, சாப்பாட்டுப் பையில் டிபன் டப்பாவுக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அதன் மேல் ஒருநாள் உள்ளித்தீயல் குழம்பு சிந்தியதால், துறை பிரிண்டரில் இன்னொரு பிரதி எடுக்க வேண்டி வந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் ஊர்ப்பக்கம் மனக்கஷ்டத்துக்கு ஒரே மருந்துதான்: "சவத்த விடு மக்கா." எதை விடுவது, எப்படி விடுவது என்றெல்லாம் சொல்ல மாட்டார்கள். அதற்கு மேலும் புலம்பினால் "அவளுக்கு வட்டாயிட்டு" என்று பைத்தியக் கணக்கில் சேர்த்து முடித்துவிடுவார்கள். இரண்டுக்கும் நடுவில் மனுஷி நிற்க ஓர் இடம் கிடையாது.

கூட்டத்துக்கு ஓர் ஆலோசகர் வந்திருந்தார். முப்பது வயதுப் பெண், அமைதியான குரல். கண்களை மூடி மூச்சை உள்ளே இழுக்கச் சொன்னார். இழுத்தோம். வெளியே விடுவதற்குள், இடமும் நேரமும் பதிகிற போட்டோ எடுப்பவர் ஓடிவந்தார். "எல்லாரும் கண்ணைத் திறங்க, தூங்குற மாதிரி விழுது." திறந்தோம், சிரித்தோம். பிறகு ஆளுக்கொரு கேள்வித்தாள் தந்தார்கள். இருபது கேள்விகள். பெயர் வேண்டாம், துறையின் பெயர் மட்டும் போதும், மறுநாள் உறையில் போட்டுத் தர வேண்டும்.

இங்கே எங்கள் துறைத் தலைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பூதப்பாண்டிப் பக்கம் வயலும் நெல்லுமாக இருக்கிற குடும்பத்துப் பெண். ஓய்வுபெற ஒரு வருஷம் இருந்தது. கடமையில் இரும்பு. ஆய்வகத்து இருட்டறையில் இருக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டரைச் சரிபார்க்க தினமும் தனியாக உள்ளே போய்விடுவார். அரைமணி கழித்து கண் சிவந்து வருவார். அங்கே எரிகிற சோடியம் விளக்கின் மேல்தான் எங்களுக்குக் கோபம். குளச்சல்காரரான எங்கள் இளைய சகா, அந்த விளக்கை மாற்றச் சொல்லி இரண்டு முறை விண்ணப்பம்கூடக் கொடுத்தார்.

துறையிலிருந்து போகிற காகிதங்கள் ஒன்றுக்கொன்று முரண்படக் கூடாது என்பது தலைவரின் கொள்கை. தன் தாளை முதலில் நிரப்பி மேசை நடுவில் வைத்தார்.

"இதப் பாத்து எல்லாரும் போடுங்க. ஏழு பேரும் ஏழு விதமா போட்டா குழு கேள்வி கேக்கும்."

பார்த்துப் போட்டோம். தேர்வறையில் அடுத்தவன் தாளை எட்டிப் பார்க்கிற பையனைக் காதைத் திருகாத குறையாக விரட்டுகிறவர்கள், வரிசையாக உட்கார்ந்து டிக் அடித்தோம். தூக்கம் கெடுகிறதா? ஒருபோதும் இல்லை. வேலை பிடிக்காமல் போகிறதா? ஒருபோதும் இல்லை. அப்படி ஒரு துறை உலகத்தில் எங்கேயும் இருக்காது. ஒன்பதாவதில் மட்டும் தலைவரின் டிக் தள்ளி நின்றது. 'காரணம் தெரியாமல் அழுகை வருகிறதா?' அதற்கு நேரே, 'அடிக்கடி'.

கை தவறியிருக்கும் என்று நினைத்தேன். சொல்லியிருக்க வேண்டும். நானும் அடிக்கடி என்று போட்டேன். ஐந்து மாதத்தில் நான் சொன்ன ஒரே உண்மை அது, அதுவும் காப்பியடித்தது. மற்ற ஐந்து பேரும் கவனிக்கவே இல்லை. நிரப்புகிற காகிதத்தை நாங்கள் வாசிப்பது வழக்கமில்லை.

வியாழக்கிழமை முதல்வர் எங்கள் ஏழு பேரையும் அழைத்தார். ஆலோசகரும் இருந்தார்.

"மத்த எந்தத் துறையிலயும் யாரும் அழல. நீங்க மட்டும் மொத்தமா அழுறீங்களே, என்னம்மா நடக்குது?"

தலைவர் முகம் மாறவில்லை. "பாத்து எழுதுனதுல வந்த பிழை சார். திருத்தித் தாறோம்."

ஆலோசகர் உறையைத் திருப்பித் தந்தார். தான் ஐந்து மணிவரை விருந்தினர் அறையில் இருப்பதாக மட்டும் சொன்னார். முதல்வர், எதற்கும் ஒருநாள் துறையோடு முட்டம் கடற்கரைக்குப் போய் வாருங்கள், போட்டோ எடுக்க மறக்காதீர்கள் என்றார்.

செய்தி எங்களுக்கு முன்னால் கேன்டீனுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. வேதியியல்காரர்கள் ஒரு தட்டு ரசவடையோடு துக்கம் விசாரிக்க வந்துவிட்டார்கள். குளச்சல்காரர் கொதித்தார். "நான் எனக்க பி.எச்டி. வைவாவுலகூட அழுது கரையல மேடம். இது வீட்டுல தெரிஞ்சா உம்மா ஓதி ஊத ஆளக் கூட்டிட்டு வந்துருவாவ."

துறைக்குத் திரும்பி உறையைப் பிரித்தோம். பெயரில்லாத ஏழு தாள். எது யாருடையது என்று தெரியாது. கைக்கு வந்ததை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டோம். ஒயிட்னர் பாட்டில் சுற்றி வந்தது. என் முறை வந்தபோது பாட்டிலைத் திறந்து, தாளின் மேல் ஊதி, காய்ந்ததுபோல மடித்து வைத்தேன். திருத்த மனம் வரவில்லை. அந்த ஒரு டிக்கையும் அழித்தால், பைக்குள் இருக்கும் கடிதத்தைத் தவிர எனக்கு வேறு பேச்சு மிச்சமில்லை என்று தோன்றியது.

நாலு மணி பஸ்ஸுக்கு எல்லோரும் கிளம்பினார்கள். உறையில் போடும் வேலை என்னிடம். எண்ணிப் பார்த்தேன். ஐந்து தாளில் வெள்ளை பூசியிருந்தது. இரண்டில் இல்லை.

"என்ன நிக்க?" என்றார் தலைவர்.

"ரெண்டு தாள்ல திருத்தல மேடம்."

"ஒண்ணு யாருக்கது?"

"எனக்கது."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"அப்போ மத்தது எனக்கதாக்கும்."

"கை தவறிப் போட்டியளோன்னு நெனச்சேன்."

"இல்ல மக்கா. உள்ளதாக்கும். ரெண்டு வருசமா நெஞ்சுக்குள்ள ஒரே வெப்ராளம். எதுக்குன்னு கேட்டா சொல்லத் தெரியல. பத்தொம்பது பொய் போட்டாச்சு. அந்தக் கேள்விக்கு மட்டும் கை மாட்டேன்னுட்டு. ஏழு பேரும் போட்டா யாருக்க அழுகைன்னு தெரியாதுல்லா."

எனக்குச் சோடியம் விளக்கு நினைவு வந்தது. பாவம், அதன் மேல் எத்தனை பழி போட்டோம்.

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். என் ராஜினாமாக் கடிதம். தீயல் சிந்திய அன்று அவசரத்தில் பிரிண்டரை இரண்டு முறை அழுத்தியிருக்கிறேன். ஒன்று அங்கேயே கிடந்திருக்கிறது.

"மூணு வாரமா வச்சிருக்கேன். கேக்கணும்னு தினமும் நெனைப்பேன். கேட்டா நீ திருப்பி என்னைக் கேப்பியேன்னு விட்டுட்டேன்."

கோபம் வந்தது எனக்கு. உடனே போயும் விட்டது. நானும் அவரைக் கேட்காதவள்தானே.

ஐந்து மணி ஆகப் பத்து நிமிஷம் இருந்தது. உறையை எடுத்துக்கொண்டு இருவரும் விருந்தினர் அறைக்குப் போனோம். வாசலில் பந்திக்கு முன்னால் நிற்கிற சம்பந்தக்காரர்கள்போல நீ முதலில், நீங்கள் முதலில் என்று கொஞ்ச நேரம் மல்லுக்கட்டினோம். கதவைத் திறந்த ஆலோசகர், யார் பேச வேண்டும் என்று கேட்டார்.

"இந்தப் பிள்ளதான். நான் துணைக்கு வந்தேன்," என்றார் தலைவர், பழக்கதோஷத்தில்.

"உள்ளதைச் சொல்லுங்க மேடம்," என்றேன்.

அவர் என் கையைப் பிடித்தார். அவருடைய உள்ளங்கையும் வேர்த்திருந்தது. "ரெண்டு பேருக்குந்தான்," என்றார்.

அதன்பின் வாரம் ஒரு மணிநேரப் பேச்சு, எனக்குச் சில மாதம் மாத்திரை. மாடிப்படி இன்னும் சில நாள் மிரட்டத்தான் செய்கிறது. அன்றைக்குப் பாதியில் நின்று மூச்சு வாங்கிவிட்டு ஏறுகிறேன். ஷெட்டுக்குப் போவதில்லை. இந்த மே மாதம் தலைவர் ஓய்வுபெற்றார். கடைசி நாளில் துறை அலமாரிச் சாவிகளை வரிசையாக என்னிடம் ஒப்படைத்தார். கடைசியாக இருட்டறைச் சாவியைத் தந்துவிட்டு, "விளக்கை மாத்தாண்டாம், அது நல்லாத்தான் இருக்கு," என்றார்.

நான் அழுதேன், எல்லோர் முன்னாலும். இந்தத் தடவை காரணம் தெரிந்திருந்தது.