பேர்சிக்குப் பதில் ஒரு வேட்பாளர்

கட்சி அலுவலகத்தில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவனுக்குத் தேர்தல் ஒரு தலைவலியே இல்லை. சொந்தக் கட்சிக்குள் வேட்பாளரைத் தெரிவு செய்வதுதான் தலைவலி. லண்டன் ஈஸ்ட் ஹாமில் எங்கள் வட்டாரத்தில் எங்கள் கட்சி ஒரு குடையை நிறுத்தினாலும் அது கவுன்சிலராகிவிடும். ஆகவே குடை எது என்று தீர்மானிக்கும் அன்றே உண்மையான தேர்தல் முடிந்துவிடும். கோயில் நிர்வாகசபையிலோ பழைய மாணவர் சங்கத்திலோ செயலாளராக இருந்து அவதிப்பட்டவர்களே, இது உங்களுக்கும் தெரிந்த நோய்தான்.

பின் அறை

எண்பதுகளில் அந்தத் தீர்மானம் ஒரு பப்பின் பின் அறையில் நடந்தது. கிளைத் தலைவர் ஜோர்ஜும் அவருடைய நாலைந்து பழைய கூட்டாளிகளும் பியர் குடிப்பார்கள். கிளாஸ் காலியாகும்போது பழைய கவுன்சிலர் பேர்சிதான் மறுபடியும் வேட்பாளர் என்று முடிவாகியிருக்கும். பேர்சி கவுன்சில் கூட்டங்களில் தூங்குவதில் கெட்டிக்காரர். குறிப்பெடுப்பது என் வேலை. எழுத ஒன்றும் இருக்காது.

ஒருநாள் அந்த அறைக்குள் பரிமளம் அக்கா வந்து நின்றார். அகதிகளுக்கான ஆலோசனை நிலையத்தில் மொழிபெயர்ப்பாளர். கவுன்சில் வாடகைக்கு விட்ட, சுவர் ஊறிப் பூஞ்சணம் பிடித்த ஃபிளாட்டுகளில் எங்கள் தமிழ்ப் பிள்ளைகள் இருமிக்கொண்டு கிடந்தார்கள். அந்த முறைப்பாடுகளை ஆங்கிலத்தில் சொல்லிச் சொல்லியும் ஒன்றும் நடக்காமல் மனம் வெந்துபோயிருந்தவர். தன்னையும் வேட்பாளராகப் பரிசீலிக்க வேண்டும் என்றார். ஜோர்ஜ் கோபப்படவில்லை, உண்மையாகவே குழம்பிப்போனார்.

"பேர்சி இன்னும் உயிரோடுதானே இருக்கிறார், அம்மணி?"

மூடிய கதவு

பின் அறைக் கூத்து மேலிடத்துக்கு எட்டியதோ என்னவோ, அடுத்த தேர்தலுக்கு விதி மாறியது. உறுப்பினர் எல்லோருக்கும் வாக்கு. ஆனால் போட்டியாளர் அனைவரின் பேச்சையும் கேட்டிருக்க வேண்டும். முதல் பேச்சுத் தொடங்கியதும் மண்டபக் கதவை மூடிவிடுவோம். அக்கா வீடு வீடாக ஏறி இறங்கி எங்கள் ஆட்களைச் சேர்த்தார். பலசரக்குக் கடை மகாலிங்கம் அண்ணை தன் சொந்தக்காரர் அத்தனை பேரையும் உறுப்பினராக்கினார். இந்த முறை அக்காதான் என்று நானும் நம்பினேன்.

கூட்டம் ஆறு மணிக்கு. ஏழரைக்கு எங்கள் சனம் பட்டுச்சேலையும் கோட்டுமாக, வடைப் பெட்டியோடு வந்து இறங்கியது. உள்ளே பேர்சி வென்று கைகுலுக்கிக்கொண்டிருந்தார். அக்கா வெளியே வந்து, வடையை வாங்கி ஜோர்ஜுக்கும் ஒன்று நீட்டினார். மழையில் நின்ற மகாலிங்கம் அண்ணைக்கு என்மேல்தான் கோபம்.

"தம்பி, ஆறு மணி எண்டு போட்டால் ஆறு மணிக்கே தொடங்குவியள் எண்டு ஆருக்குத் தெரியும்?"

தபால்பெட்டி

தொண்ணூறுகளில் விதி மறுபடியும் மாறியது. தலைக்கொரு வாக்கு, சீட்டு வீட்டுக்கே தபாலில் வரும், புள்ளடி போட்டுத் தபாலிலேயே திருப்பி அனுப்பலாம். இனிப் பிந்தி வருகிற பேச்சில்லை என்று அக்கா நிம்மதியானார். ஆனால் பேர்சி உசாராகிவிட்டார். மகாலிங்கம் அண்ணையின் கடை வாசலில் லொறி நிறுத்த வழி பண்ணுவதாகச் சொன்னார். அவ்வளவுதான். பொம்பிளைக்கு உது சரிவராது என்று அண்ணை மற்றக் கடைக்காரருக்கும் ஓதிவிட்டார். எல்லா வீட்டு வாக்குகளும் பேர்சிக்கே என்று சத்தியமும் பண்ணியாயிற்று. எங்கள் வீடுகளில் அப்பா நினைப்பதுதான் குடும்பத்தின் கொள்கை என்பது உங்களுக்குத் தெரியாததா?

அக்கா என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். பிள்ளைகளின் இருமலை இன்னும் எத்தனை காலத்துக்கு இங்கிலீசில் சொல்லிக்கொண்டிருப்பது என்று கேட்டார். சம்பளக்காரன் பக்கம் சாயக்கூடாது என்பதால் தேத்தண்ணி மட்டும் ஊற்றிக் கொடுத்தேன்.

எண்ணிப் பார்த்தபோது அக்கா வென்றிருந்தார். எண்ணியது பிழை என்று மகாலிங்கம் அண்ணை மனைவி ராசமணியோடு அலுவலகத்துக்கே வந்து சண்டை பிடித்தார். அவர் காரை எடுக்கப் போகும்வரை ராசமணி பொறுத்திருந்தார்.

"பேர்சிக்குப் போட்டு அனுப்பு எண்டு எல்லாச் சீட்டையும் என்னட்டைத் தந்திட்டுத்தான் கடைக்குப் போனவர். ஆருக்குப் புள்ளடி போட்டனான் எண்டு அவர் கேக்கேல்லை. எங்கடை றோட்டிலை ஒருத்தரும் கேக்கேல்லை."

விதியை இரண்டு தடவை திருத்தியதால் எங்கள் கிளையில் ஜனநாயகம் மலர்ந்துவிட்டது என்று மேலிடத்துக்கு அறிக்கை எழுதிய நான், நிரப்பித் தபாலில் போடச் சொல்லி மனைவியிடம் கொடுத்த என் வாக்கு யாருக்குப் போனது என்று இன்றுவரை கேட்கவில்லை.