முதல் பக்கத்தின் மூன்றாவது பாட்டு

எனக்குப் பிடித்த ராக் குழு ஒன்று முதல் ஆல்பத்துக்குப் பிறகு எத்தனையோ போட்டுவிட்டது. ஒன்றும் எனக்கு ஒட்டவில்லை. முதல் ஆல்பம்தான் ஆல்பம். மறுத்துப் பேசுகிறவர்களோடு சண்டைக்கும் தயார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் என் அத்தை மகன் அதை மதுரையில் ஒரு கேசட்டில் பதிந்து வாங்கி வந்தான். அட்டை இல்லை, படம் இல்லை. பாடுகிறவன் கறுப்பா சிவப்பா என்றுகூடத் தெரியாது. டிரம் கனமாக, அவசரமே இல்லாமல் விழும். யாரோ படியேறி நம் கதவை நோக்கி வருவதுபோல இருக்கும். பாடுகிறவன் கத்த மாட்டான். கெட்ட சேதியைச் சொல்லத் தயங்குகிறவனின் குரல் அவனுக்கு. பயமாக இருக்கும். அந்தப் பயத்துக்காகவே மறுபடியும் கேட்பேன்.

மூன்றாவது பாட்டு உச்சத்துக்குப் போகும்போது எல்லாம் சட்டென்று நின்றுவிடும். கேசட் அறுந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தோம். ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கிற நேரம் கழித்து மறுபடி இடிக்கும்.

அத்தை மகன் போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டினான். நான் அதே தோட்டத்தில் கணக்குப்பிள்ளை. ஜீப்பில் கேசட் செட் மாட்டியபின் அவனுக்குப் பைத்தியம் முற்றிவிட்டது.

மலை ஏறும் டிரைவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மூடுபனி இறங்கிவிட்டால் கண்ணை நம்ப மாட்டார்கள். கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் நிறுத்தி, ஹாரன் அடித்து, தலையை வெளியே நீட்டிக் காது கொடுப்பார்கள். உள்ளே இருக்கும் பெண்கள் யாரும் சொல்லாமலே பேச்சை நிறுத்துவார்கள். மேலிருந்து பதில் ஹாரன் வராவிட்டால்தான் வண்டி நகரும்.

ஒரு மழைக்காலக் காலை. ஜீப் நிறையக் காய் பறிக்கும் பெண்கள், முன்சீட்டில் அவன் பக்கத்தில் நான். கேசட் ஓடிக்கொண்டிருந்தது.

“எழவு வீட்டுக் கொட்டு மாதிரி இருக்கு. அத நிப்பாட்டு அப்பு, வளைவு வருது” என்றாள் பின்னால் இருந்த வயதான அம்மாள்.

“இந்த ஒரு பாட்டுத்தான் ஆத்தா, முடியப் போகுது” என்றான்.

வண்டியை மட்டும் நிறுத்தி ஹாரன் அடித்தான், தலையையும் நீட்டினான். டிரம் இடிக்கும்போது காது கொடுத்து என்ன பயன்? பெண்கள் வாயை மூடிக்கொண்டார்கள், பாடுகிறவன் மூடவில்லை. எதிரே வெறும் வெள்ளை. பதில் வரவில்லை என்று எண்ணி அவன் கியரைப் போட்டான். ஜீப் வளைவுக்குள் நகர்ந்தது.

பாட்டு நின்றது.

அந்த இடைவெளியில் லாரி ஹாரன் கேட்டது, தலைக்கு மேலேயே. அவன் ஸ்டீயரிங்கை ஒடித்து ஜீப்பை மலையோடு ஒட்டி நிறுத்தினான். மரம் ஏற்றிய லாரி எங்கள் படுதாவை உரசிக் கிழித்துக்கொண்டு இறங்கிப் போனது. அது போவதற்குள்ளேயே டிரம் மறுபடி இடிக்க ஆரம்பித்துவிட்டது. அவன் கை பட்டனைத் தேடியது. நான்தான் அணைத்தேன்.

பிறகு அந்த அம்மாள் சொன்னாள்: “எவ பெத்த புள்ளையோ, அந்தப் பாடுறவன் நல்லா இருக்கட்டும். நடுவுல மூச்சு வாங்குனானே.”

அத்தை மகன் கேசட்டை உருவி என் மடியில் போட்டான். “நீயே வச்சுக்க மாப்ளே” என்றான். அதற்குப் பிறகு அவன் ஜீப்பில் பாட்டே கிடையாது.

நான் இன்னும் கேட்கிறேன். இப்போது மதுரையில் குடியிருக்கிறேன், வீட்டைச் சுற்றி வளைவும் இல்லை, பனியும் இல்லை. ஆனாலும் மூன்றாவது பாட்டு நிற்கும்போது வீட்டில் யாராவது பேசினால், கையை உயர்த்தி வாயை மூடச் சொல்கிறேன்.