ஆற்றோரம் நான்காவது நாற்காலி

லவோன் ஹாஸ்கெட் ஐம்பத்தேழு வயதுவரை ஒரு மானைக்கூடச் சுட்டதில்லை. எங்கள் கோல்டர் பார் ஊரில் மான் வேட்டையைப் பற்றி அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை என்பதும் உண்மைதான். தீவனக் கடையில் உட்கார்ந்து இருபத்திரண்டு வருடமாக வேட்டை அனுமதிச் சீட்டு விற்றவள். போகிறவன் அளந்ததையும் வருகிறவன் புலம்பியதையும் கேட்டு, பொய்யைக் கழித்து, மிச்சத்தை மனத்தில் வைத்திருந்தாள். முதல் முறை மலையேறப் போகிறவனுக்குச் சீட்டோடு சேர்த்து அதையும் கொடுப்பாள்.

"விடியறதுக்கு முன்னாடி முகட்டுக்குப் போயிடு. ஆனா வெயில் படற வரைக்கும் எறங்காதே. அதுவரைக்கும் காத்து கீழ போகும், உன் நாத்தத்தை மானுக்குக் கொண்டுபோய்க் குடுக்கும். சுட்டதும் கொம்பைக் கயித்தால மரத்துல கட்டு, இல்லேன்னா அறுக்கும்போதே உருண்டுடும். கறியை விட்டுட்டுக் கொம்பை மட்டும் தூக்கிட்டு வந்தா கேஸு. கடைசியா ஒண்ணு. வண்டி மேல நிக்கும், கறியை நீதான் சுமந்து ஏறணும். அதனால ரொம்பக் கீழ நிக்கிற மானைச் சுடாதே. எவ்வளவு பெரிசா இருந்தாலும் அது உன் மான் இல்ல."

கேட்டவர்கள் நல்லபடியாகத் திரும்பினார்கள். கேட்காதவர்களைப் பார்ப்பதற்குத்தான் நாங்கள் நாற்காலி போட்டிருந்தோம்.

ஆற்றுக்கு இக்கரையில், நெடுஞ்சாலை வளையும் இடத்தில், எதிர்மலை அடி முதல் முகடு வரை தெரியும். அரசு நிலம். யார் வேண்டுமானாலும் வேட்டையாடலாம். அத்தனை செங்குத்து என்பதால் விவரம் தெரிந்தவர் அங்கே போவதில்லை. வண்டிப்பாதை மலையின் பின்பக்கமாக முகட்டுக்குப் போகிறது. அடிவாரத்தில் ஆறு, பாலம் கிடையாது. அக்டோபரில் வேட்டை தொடங்கும் நாளன்று டெல்மர் ரஸ்க், ஓரின், நான் மூவரும் மடக்கு நாற்காலியும் தொலைநோக்கியுமாக அங்கே போய்விடுவோம். அந்தச் சரிவில் கறி சுமந்து ஏறியவர்தான் அங்கே நாற்காலி போடலாம் என்பது விதி. எங்கள் மூவருக்கும் முழங்கால் போனது அங்கேதான், ஆகவே விதி எங்களுக்கு நியாயமாகவே பட்டது.

வருடாவருடம் லவோன் இலவங்கப்பட்டை ரொட்டி கொண்டுவருவாள். நாங்கள் உட்கார்ந்து தின்போம், அவள் நின்று பார்ப்பாள். ஒரு வருடம் ரொட்டியோடு ஒரு பச்சை நாற்காலியும் வந்தது.

"லவோனு, அதை வண்டியிலயே வை" என்றான் டெல்மர்.

"காலு வலிக்குதுப்பா."

"வாயால மலையேறினவங்களுக்கெல்லாம் இங்க எடமில்ல. கறி தூக்கிட்டு வா. நானே விரிச்சுப் போடறேன்."

அவள் நாற்காலியை மடக்கினாள். ரொட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. அன்று மதியமே தன் பெயருக்கு ஒரு சீட்டு எழுதிக்கொண்டாள். வழக்கமான அறிவுரையைத் தனக்குச் சொல்லிக்கொண்டாளா என்பது தெரியாது.

மறுநாள், செத்துப்போன அண்ணனின் ரைஃபிளோடு முகட்டில் தெரிந்தாள். ஆரஞ்சுத் தொப்பி. வெயில் படும்வரை அசையவில்லை. பிறகு இறங்கினாள், பத்தடிக்கு ஒருமுறை நின்று.

"எல்லாம் சரியாத்தான் பண்றா" என்றான் ஓரின்.

"அதான் போரடிக்குது" என்றான் டெல்மர்.

ஒன்பது மணிக்குக் கலைமான் ஒன்று வந்தது. பெரியது, ஆற்றங்கரையிலிருந்து கல்லெறி தூரத்தில் நின்றது. லவோன் பாதிச் சரிவில் உட்கார்ந்து அதையே பார்த்தாள். பிறகு எங்களைப் பார்த்தாள். மூன்று தொலைநோக்கிகளும் அவள்மேல்தான் இருந்தன. இன்னும் இறங்கினாள். படுத்தாள். சத்தம் எங்களை வந்தடைவதற்கு முன்பே மான் விழுந்தது.

"போச்சு" என்றான் டெல்மர், திருப்தியாக.

கொம்பைக் கட்டினாள், அறுத்தாள், கறியைத் துணிப்பைகளில் போட்டு நிழலில் தொங்கவிட்டாள். ஒரு பிழை சொல்ல முடியாது. அதன் பிறகு நிமிர்ந்து முகட்டைப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஆற்றங்கரைக்கு வந்து, தொப்பியைக் கழற்றி எங்களை நோக்கி ஆட்டினாள். மீன் பிடிக்கும் காலம். டெல்மரின் படகு எங்கள் முதுகுக்குப் பின்னால் டிரெய்லரில் நின்றது. அக்கரைக்குப் போய்க் கறியை ஏற்றி வரப் பத்து நிமிட வேலை. படகு அவளுக்கும் தெரிந்திருக்கும்.

"கூப்பிடறாளே" என்றான் ஓரின்.

"கூப்பிடல. வணக்கம் சொல்றா" என்ற டெல்மர் காப்பிக் கோப்பையை உயர்த்திக் காட்டினான். "கீழ சுட்டது அவதானே."

நாங்களும் உயர்த்தினோம்.

அன்றைக்கு இரண்டு சுமை ஏற்றினாள். மறுநாள் காலை மூன்றாவது. அதற்கும் போய் உட்கார்ந்தோம். பாதி வழியில் வலது முழங்கால் மடங்கி, சுமையோடு ஒரு முட்புதர்வரை சரிந்தாள். கால்மணி நேரம் எழவில்லை. அப்புறம் எழுந்தாள். மிச்சத்தைக் கைகளால் ஏறினாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

முழங்கால் பழையபடி ஆகவில்லை. வேட்டைக் காலம் முடிந்ததும் அறுவை சிகிச்சை என்றார்கள், ஓரளவுக்குத்தான் சரியாகும் என்றும் சொன்னார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை, நெப்ராஸ்காவிலிருந்து டிரென்ட் போல்கி என்றொரு குழாய் வேலைக்காரன் கடைக்கு வந்தான். முதல் வேட்டை. அவன் ஊரில் மேடு என்றால் பாலம்தான். நான் நாய்த் தீவனம் வாங்கிக்கொண்டிருந்தேன்.

"வேற ஏதாவது தெரிஞ்சுக்கணுமா மேடம்? நீங்கதான் நல்லா சொல்லுவீங்கன்னாங்க."

லவோன் சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள். அவனுடைய புது பூட்ஸைப் பார்த்தாள்.

"பெரிய கலைமானெல்லாம் ஆத்தோரத்துலதான் நிக்கும், தம்பி."

பொய் இல்லை. அவன் நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

சனிக்கிழமை அவள் நாங்கள் உட்காரும் இடத்துக்கு ஊன்றுகோலோடு வந்தாள். டெல்மர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். பச்சை நாற்காலியைத் தானே விரித்து, தரை சமமாக இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தும் போட்டான். பதினொரு மணிக்கு டிரென்ட் ஆற்றோரத்தில் ஒரு கலைமானைச் சுட்டான். கொம்பைக் கட்டவில்லை, அறுக்கும்போது அது உருண்டு தண்ணீரில் விழுந்தது. இடுப்பளவு பனித்தண்ணீரில் இறங்கி இழுத்தான். பிறகு முகட்டைப் பார்த்தான். எல்லாரும் செய்வதுபோலத் தொப்பியைக் கழற்றி எங்களை நோக்கி ஆட்டினான்.

"படகை எறக்கலாமா? நடுங்கறான்பா" என்றான் ஓரின்.

டெல்மர் லவோனைப் பார்த்தான். அவள் மரத்துப்போன காலை நீட்டி வைத்துக்கொண்டு, தொலைநோக்கியின் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தாள்.

"கீழ சுட்டது அவன்தானே" என்று சொல்லிக் கோப்பையை உயர்த்திக் காட்டினாள்.

அன்று ரொட்டி வாங்கி வந்திருந்தவன் ஓரின், லவோன் இல்லை.