வெடிக்காத போத்தல்கள்

போன கிழமை பக்குரங்கா பிளாசாக் கடைத்தொகுதியில் லெமனேட் வாங்கப் போனேன். அலமாரியிலிருந்து ஒரு போத்தலை எடுத்துக் கழுத்துக்குக் கீழே பெருவிரலால் அழுத்திப் பார்த்தேன். பிறகு பக்கத்துப் போத்தலை. பிறகு அதற்கடுத்ததை. கூட வந்த மகள், "அம்மா, பீப்பிள் ஆர் லுக்கிங்" என்று பல்லைக் கடித்தாள். கொம்பனிக்காரன் எல்லாப் போத்தலுக்கும் ஒரே அளவாகத்தான் காஸ் அடைத்திருப்பான் என்று எனக்குத் தெரியும். என் பெருவிரலுக்குத் தெரியாது. அது பழகினது வேறு இடத்தில்.

பியரில் பழகினது என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள், ஒரு மிடறுக்கு மேல் குடித்தறியாதவள். ஆனாலும் தொண்ணூறுகளில், நாங்கள் அப்போது குடியிருந்த மவுண்ட் ரோஸ்கிலில், என்னை விஞ்சின பியர்க்காரி ஒருத்தியும் இருக்கவில்லை. மவுண்ட் ரோஸ்கில் முழுக்க என்பது கொஞ்சம் அதிகம்தான். எங்கள் தெருவில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தொடங்கியது நானில்லை, இவர். மன்னாரில் வங்கியில் வேலை பார்த்தவர். நாலு பேர் கூடினால் கதை சொல்லிச் சிரிக்கவைக்கிற மனுஷன். நாட்டை விட்டு இங்கே வந்தபிறகு அலுமினிய ஜன்னல் பொருத்துகிற ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. பின்னேரம் வீட்டுக்கு வந்ததும், "இண்டைக்கு என்ன கதைச்சனீங்கள்?" என்று கேட்பேன்.

"குட் மோர்னிங் எண்டன். பிறகு சீ யூ டுமோரோ எண்டன்" என்பார். பகிடியாகத்தான் சொல்வார். ஆனால் ஒரு வருஷமாக ஒரே பகிடி.

பிறகொரு நாள் அவருடைய ஃபோர்மன் கிரஹாம், தான் பாவிக்காமல் போட்டிருந்த ஒரு பிளாஸ்டிக் பீப்பாவைத் தூக்கிக் கொடுத்து, வீட்டில் பியர் காய்ச்சுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார். அன்றிரவு சாப்பாட்டு மேசையில் இவர் வாய் ஓயவில்லை. அடுத்த நாள் தேநீர் இடைவேளையில் கேட்பதற்கு இவருக்கு ஒரு கேள்வி இருந்தது. அதற்கடுத்த நாளும் இருந்தது. எனக்கு அது போதும். தகரத்திலிருந்து மோல்ட் என்கிற வாற்கோதுமைப் பாகைச் சுடுதண்ணீரில் ஊற்றும்போது, பனங்கட்டி கருகினாற்போல ஒரு மணம் குசினியிலிருந்து படுக்கை அறைத் தலையணை வரைக்கும் ஏறும். நான் ஜன்னலைத் திறந்துவிடுவேன்.

பீப்பாவில் நொதித்து முடிந்த பியரில் காஸ் இராது. காஸ் உண்டாவது போத்தலுக்குள். ஒவ்வொரு போத்தலுக்கும் கொஞ்சம் சீனி போட்டு மூடி அடித்துவிட்டால், மிச்சமிருக்கிற ஈஸ்ட் அதைத் தின்று காஸை விடும். காஸ் வெளியே போக வழியில்லாமல் பியருக்குள் கரையும். சீனி குறைந்தால் பியர் ஆறின தேத்தண்ணி. கூடினால், அதைத்தான் சொல்ல வருகிறேன்.

இவர் வானொலியில் கிரிக்கெட் கேட்டுக்கொண்டு சீனி போடுகிறவர். விக்கெட் விழுந்தால் ஒரு போத்தலுக்குச் சீனியே விழாது. பக்கத்துப் போத்தலுக்கு இரண்டு தரம் விழும். வீடு ஆசீர்வதிக்க வந்த பங்குச் சுவாமிக்கு முதலாவதாக உடைத்த போத்தல் மூச்சே விடவில்லை. சுவாமி ஒரு மிடறு குடித்துவிட்டு, "உடம்புக்கு நல்லது போலக் கிடக்கு" என்றார். இரண்டாவது போத்தல் கூரை முகட்டில் அடித்துச் சுவாமியின் வெள்ளை அங்கியில் இறங்கியது. வீட்டுக்குத் தீர்த்தம் தெளிக்க வந்தவருக்கு வீடு தெளித்துவிட்டது.

அதுவரைக்கும் சிரிப்புத்தான். அந்தக் கோடையில் ஒரு ஞாயிறு மத்தியானம், நண்டுக் கறியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கராஜில் டமார் என்று ஒன்று. பிறகு இன்னொன்று.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. மேசைக்குக் கீழே கிடக்கிறேன். எனக்கு அடியில் மகள். எங்கள் இருவருக்கும் மேலே இவர். கடைசியாக நான் அப்படிக் கிடந்தது யாழ்ப்பாணத்தில், குண்டு விழுந்தபோது, கோவில் வாங்குப் பலகைகளுக்குக் கீழே. இவருடைய நெஞ்சு என் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது.

பிறகு கராஜ் கதவுக்குக் கீழால் பியர் மணம் வந்தது.

மகளுக்கு அப்போது நாலு வயதிருக்கும். இந்த ஊரிலேயே பிறந்தவள். எனக்குக் கீழிருந்து நெளிந்து வெளியே வந்து, "அகெய்ன், அப்பா! அகெய்ன்!" என்று கைதட்டினாள். இவர் சிரிக்கத் தொடங்கினார். நான் அழத் தொடங்கியதைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி அள்ளியபின், பீப்பாவைக் குப்பைக்குத் தூக்கிக்கொண்டு போனார். "விடுவம். உது எங்களுக்கு வேண்டாம்" என்றார். அப்போதுதான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். நாளைக்குத் தேநீர் இடைவேளையில் இந்த மனுஷன் என்னத்தைக் கதைப்பார்?

"இஞ்சருங்கோ, அதை எறியாதேங்கோ" என்றேன். "இனிமேல் சீனி நான்தான் போடுவன். இந்த வீட்டிலை இனி ஒண்டும் வெடியாது."

சொல்வது சுகம். முதலில், இவர் சீனி போட்ட கரண்டியை ஒதுக்கி வைத்தேன். போத்தல் போத்தலாகப் போட்டால் யாருடைய கையும் தவறும். எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சீனியை நிறுத்து, தண்ணீரில் கொதிக்கவைத்து ஆறவிட்டு, கழுவின இன்னொரு வாளிக்குள் ஊற்றி, அதன்மேல் பீப்பாவின் பியரை அடிமண்டி வராமல் குழாயால் இறக்கினேன். மெல்லத் துழாவினால் முழு வாளிக்கும் ஒரே இனிப்பு. "பாயசம் மாதிரி எல்லோ செய்யிறீர்" என்றார் இவர். பாயசத்தில் ஒரு கிண்ணம் இனித்து ஒரு கிண்ணம் சப்பென்று இருக்குமா என்று கேட்டேன். அடுத்தது, அவசரப்படாமல் இருப்பது. நொதிப்பு முற்றாக நின்றதா என்று, அளவுக் கோடு போட்ட கண்ணாடி மிதவையைப் பியருக்குள் விட்டுப் பார்ப்பேன். இன்றைக்கு நின்ற கோட்டிலேயே நாளைக்கும் நாளன்றைக்கும் நின்றால்தான் போத்தல். இவரைத் தடுத்து வைப்பதுதான் அதில் பெரிய வேலை.

அப்படியும் சரிவரவில்லை. வெடிக்கவில்லை, ஆனால் சில போத்தல் நுரைத்தது, சில செத்துக் கிடந்தது. எனக்குப் பெரிய அவமானமாகப் போய்விட்டது. எது எங்கே நின்றது என்று யோசித்துப் பார்த்தபோது பிடிபட்டது: சுடுதண்ணித் தாங்கி வைத்திருக்கிற அலுமாரிக்குள் நின்றவை நுரைத்தன, கராஜின் குளிர்ச் சீமெந்தில் நின்றவை நுரைக்கவில்லை. சீனி ஒன்றாக இருந்து என்ன, சூடும் ஒன்றாக இருக்க வேண்டாமா? இந்த ஊரில் வெயில் வடக்குப் பக்கத்தால் வருகிறது. எங்கள் வீட்டின் வடக்கு அறை எங்கள் படுக்கை அறை. அவ்வளவு போத்தலையும் என் கட்டிலுக்குப் பக்கத்தில் அடுக்கிப் போர்வையால் மூடினேன்.

"உமக்குப் பயமில்லையோ?" என்று இவர் கேட்டார்.

"பயம்தான்" என்றேன். "அதாலைதான் சரியாச் செய்தனான்."

கண்ணாடிப் போத்தல்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் போத்தலிலும் அதே பியரை நிரப்பி வைத்தேன். காலையில் எழும்பினவுடன் செபத்துக்கு முன்னம் அதைத்தான் அமுக்கிப் பார்ப்பது. முதலில் மெத்தென்று இருந்தது, பிறகு மாங்காய் போல, கடைசியில் கல்லுப் போல. மற்றப் போத்தல்களுக்குள் என்ன நடக்கிறது என்று ஒன்றையும் உடைக்காமலே என் விரல் சொல்லிவிடும்.

கிரஹாம் விளையாட்டாக, "கிறிஸ்மஸுக்கு உன்னுடைய பியர்தான், சேவ்" என்று சொல்லிவைத்திருந்தார். சேவியர் அங்கே சேவ் ஆகியிருந்தார். விடுமுறைக்கு முந்தின வேலைநாள், தொழிற்சாலை முற்றத்தில் குடும்பங்களோடு பார்பிக்யூ. போத்தல்களை இவர் மேசையில் வரிசையாக வைக்க, நான் மகளைத் தூக்கிக்கொண்டு கேற்றடிக்குப் போய் நின்றேன். ஒரு கை காதுக்குப் பக்கத்தில்.

கிரஹாம் முதல் போத்தலைத் திறந்தார். "ட்ஸ்ஸ்." அடுத்தது, "ட்ஸ்ஸ்." அதற்கடுத்ததும் அதே சத்தம்தான். என் கை எப்போது கீழே இறங்கியது என்று எனக்கே தெரியாது. கிளாஸ்களை அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். எல்லாவற்றிலும் ஒரே உயரத்துக்கு வெள்ளை நுரை, அளவுகோல் வைத்துக் கீறினாற்போல.

"ஹௌ டிட் யூ டூ தாட், சேவ்?"

"டோன்ற் ஆஸ்க் மீ, மேட்" என்றார் இவர், என் பக்கம் கையைக் காட்டி. "மை வைஃப்."

எல்லோரும் திரும்பினார்கள். எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் வராது. அதனால் இவரே சொன்னார். வாளி, மிதவை, வடக்கு அறை எல்லாம். பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமையையும் சொன்னார்: நாங்கள் ஏன் மேசைக்குக் கீழே போனோம் என்பதையும். அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, மகளைப் போலக் கைதட்டி, "அகெய்ன், அப்பா!" என்றார். அத்தனை பேரும் வெடித்துச் சிரித்தார்கள். மன்னாரில் நான் பார்த்துக் கல்யாணம் கட்டின மனுஷன் அந்த முற்றத்தின் நடுவில் நின்றார். கிரஹாம் ஒரு கிளாஸோடு கேற்றடிக்கு நடந்து வந்து எனக்குக் கை கொடுத்தார். அந்தக் கிளாஸில் ஒரு மிடறு குடித்தேன். மலேரியாக் காய்ச்சலுக்குக் குடிக்கிற கொய்னா மாத்திரைக் கைப்பு. ஆனால் காஸ் சரியாக இருந்தது. அதை நானே சொல்லிக்கொள்ளலாம்.

மவுண்ட் ரோஸ்கிலில் அந்த வீடு இப்போது இல்லை. இடித்துவிட்டு அந்தக் காணியில் மாடிவீடுகளை நெருக்கி நெருக்கிக் கட்டியிருக்கிறார்கள். பீப்பாச் சாமான் விற்ற கடையும் போய்விட்டது. தொழிற்சாலை மூடப்பட, ஆட்கள் அவுஸ்திரேலியாவுக்கும் அங்கே இங்கேயுமாகச் சிதறினார்கள். கிரஹாமும் தன் மகளோடு இருக்கக் குவீன்ஸ்லாந்துக்குப் போய்விட்டார். இவருக்குக் கதைக்க ஆள் இல்லாமல் இல்லை. பூசை முடிந்தால் தமிழில் கதை சொல்ல ஒரு கூட்டம் காத்திருக்கிறது. பேரப்பிள்ளைகளோடு கதைக்கிற இங்கிலீஷும் இப்போது நல்ல திருத்தம். ஆனால் வினைச்சொற்கள் முன்பின்னாக விழ, பாதியைக் கையாலும் மிச்சத்தை "மேட்" என்றும் சொல்லி முடிக்கிற ஒரு தொழிற்சாலை இங்கிலீஷ் அவரிடம் இருந்தது. அதைக் கேட்டு எத்தனையோ வருஷமாகிறது.