பின்மூடிக்கு இரண்டு தகடுகள்

ஜோகூரின் செனாயில், தாமான் என்று நாங்கள் சொல்லும் எங்கள் குடியிருப்பில், என் வீட்டிலிருந்து இரண்டு வாசல் தள்ளிக் குடியிருப்பவர் யோகேஸ்வரி. வயது நாற்பத்தாறு. வெல்டிங் வேலை செய்கிறார். இதுவரை மூன்று வேலைகளை இழந்திருக்கிறார், மூன்றும் ஒரே காரணத்துக்காக. சரியில்லாத ஒன்றைச் சரியென்று சொல்லச் சொன்னார்கள், மாட்டேன் என்றார். அவரிடம் கேட்டால், "சொன்னாங்க, முடியாதுன்னேன், வந்துட்டேன்" என்பதோடு முடித்துக்கொள்வார். அவர் கணவர் காளிதாஸ்தான் தொழிற்சாலைப் பஸ்ஸை ஓட்டிவிட்டு வந்து, வேலியோரம் நின்று எனக்கு விவரமாகச் சொன்னவர். மீதியை நானே பார்த்தேன்.

யோங் பெங்குக்கு வெளியே ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர் யோகேஸ்வரி. பதினேழு வயதில் பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்த கையோடு செனாய்க்கு வந்து, குளிர்பெட்டிகளுக்கு இரும்புச் சட்டம் செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்தார். புதிதாக வந்த பெண்களை எல்லாம் அட்டைப்பெட்டி மடிக்கும் வரிசைக்கு அனுப்பினார்கள். இவர் இரண்டு நாள் மடித்துப் பார்த்துவிட்டு, வெல்டிங் வரிசைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டார். அங்கே ஆண்கள்தான் இருந்தார்கள். "கை சுடும்" என்றார்கள். "சுட்டா என் கைதானே சுடும்" என்று சொல்லிவிட்டுப் போய் நின்றார்.

அந்த வரிசையில் காலையில் முதல் வேலை ஒரு சோதனை. இரண்டு தகடுகளைச் சேர்த்து ஒட்டி, நடுவே உளியை வைத்து அடித்துப் பிரிப்பார்கள். தகடு கிழிந்துவந்தால் ஒட்டு நல்லது. ஒட்டு விட்டுப்போனால் இயந்திரத்தை நிறுத்த வேண்டும். பதினோரு வருடம் அந்த உளியைப் பிடித்தவர், ஒருநாள் ஒட்டுகள் சட்டைப் பொத்தான் மாதிரி தெறித்து விழுவதைப் பார்த்தார். சரக்குக் கப்பலுக்கு நேரமாகிறது, சோதனை அட்டையில் சரி என்று போடு என்றார் மேற்பார்வையாளர். யோகேஸ்வரி 'காகால்' என்று மலாயில் பெரிய எழுத்தில் எழுதினார். தோல்வி என்று அர்த்தம். அந்த வருடக் கடைசியில் அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அடுத்து டிரெய்லர் கட்டும் கடை ஒன்றில் ஆறு வருடம். அங்கேயும் இதே கதைதான். தங்கராஜுவின் பட்டறைக்கு வந்தது அதற்குப் பிறகு.

தங்கராஜு பழைய கார்களைப் பிரித்துப் புதிதாக்கித் தருபவர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. யோகேஸ்வரி வேலை கேட்டுப் போனபோது, அரைத் தாள் கனத்தில் இருந்த ஒரு துருப்பிடித்த கதவைக் காட்டி, "இதை ஓட்டை விழாம ஒட்டிக் காட்டு" என்றார். ஒட்டிக் காட்டினார். அன்றே சேர்த்துக்கொண்டார். மெல்லிய பழைய தகட்டை நெளியாமல் ஒட்ட ஒரு பொறுமை வேண்டும். ஒரு புள்ளி வைத்து, அது ஆறும்வரை காத்திருந்து, தள்ளி இன்னொரு புள்ளி வைக்க வேண்டும். அது அவருக்கு இருந்தது. மனிதர்களிடம் பொறுமை குறைவு, இரும்பிடம் நிறைய என்பார் காளிதாஸ்.

போன வருடம் மே மாதம் பட்டறைக்கு ஒரு கார் வந்தது. இரண்டே பேர் உட்காரக்கூடிய, மேல்கூரை இல்லாத, இங்கிலாந்தில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். வயது ஐம்பதுக்கு மேல். சொந்தக்காரர் அய்யூப், பொந்தியானில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். முப்பது வருடம் அடுப்பு முன்னால் நின்றவர், கடையை மகன் இர்ஃபானிடம் விட்டுவிட்டு, சின்ன வயதில் ஆசைப்பட்ட காரை வாங்கியிருந்தார். ஜூன் கடைசியில் ஜோகூர் பாருவில் பழைய கார்களின் கூட்டம். அதில் காரை நிறுத்த வேண்டும். பிறகு மனைவி ரம்லாவை உட்கார வைத்துக்கொண்டு கிழக்குக் கரையோரமாகத் திரெங்கானுவரை போக வேண்டும். அந்தக் காரின் பின்பக்க அறை ரொம்பச் சின்னது, பயணப் பெட்டி வைக்க இடம் கிடையாது. அதனால் அந்த அறையை மூடும் பின்மூடியின் மேல் ஒரு குரோமியச் சட்டம் பொருத்தி, பெட்டிகளை அதில் கட்டிக்கொள்வதாகத் திட்டம்.

பின்மூடியைச் சுரண்டும் வேலை யோகேஸ்வரிக்கு வந்தது. பழைய பெயின்ட் உரிந்ததும் கீழே பட்டி தெரிந்தது. பள்ளத்தை நிரப்பித் தேய்க்கும் பசைதான் பட்டி. காய்ந்தால் கல் மாதிரி இருக்கும், ஆனால் எந்தச் சுமையும் தாங்காது. யாரோ எப்போதோ கைவிரல் கனத்துக்கு அப்பியிருந்தார்கள். அதையும் எடுத்தபோது, மூடியைக் காரோடு பிடித்திருக்கும் இரண்டு கீல்களின் போல்ட் ஓட்டைகளைச் சுற்றி விரிசல்கள். எறும்பின் கால்கள் மாதிரி நாலாபக்கமும் ஓடியிருந்தன. கீல் உட்காரும் காரின் உடம்புத் தகடும் இடதுபக்கம் கிழிந்திருந்தது.

தங்கராஜுவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாஸ், இது வெறுமனே மூடியைத் தூக்கி இறக்கவே தாங்காது. மேல பெட்டி வேற கட்டப் போறாங்க. உள்பக்கம் கனமான தகடு வச்சு ஒட்டணும். மூடிலயும் வைக்கணும், உடம்புலயும் வைக்கணும்."

"எத்தனை நாளு?"

"ஆறு நாளு."

"அலமாக்! திங்கக்கிழமை பெயின்ட்டுக்குப் போகணும் யோகேஸ். பட்டி போட்டு விடு. கூட்டம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்."

"பெயின்ட் அடிச்சப்புறம் யாரு பாஸ் பார்ப்பாங்க? ஹைவேயில கீல் பிச்சுக்கிட்டா மூடி காத்துல எழும்பும். பின்னால மோட்டார் சைக்கிள்ல வர்றவன் கழுத்துல விழும்."

"ஒன்னும் ஆகாது லா. இத்தனை வருஷம் விழுந்துச்சா?"

"நான் போட மாட்டேன்."

அவர் போடவில்லை. மறுநாள் சனிக்கிழமை அவருக்கு விடுமுறை. திங்கட்கிழமை வந்து பார்த்தபோது, பட்டறையில் பட்டி வேலை செய்யும் மணியம் வேலையை முடித்துவிட்டிருந்தார். மூடி வழவழவென்று சாம்பல் நிறத்தில் மேசைமேல் கிடந்தது. மணியம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்று காலை அய்யூப் நிறத்தைத் தேர்ந்தெடுக்க வந்தார். தங்கராஜு நிற அட்டைகளை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது, யோகேஸ்வரி கருவிப் பெட்டியிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துக்கொண்டு நேரே மேசைக்கு வந்தார்.

"அண்ணே, ஒரு நிமிஷம் இங்க பாருங்க."

மூடியின் நடுவில் காந்தத்தை வைத்தார். டக்கென்று ஒட்டியது. ஓரத்தில் வைத்தார். ஒட்டியது. கீல் வரும் இடத்தில் வைத்தார். வழுக்கித் தரையில் விழுந்து உருண்டது. எடுத்து மறுபக்கக் கீலின் இடத்தில் வைத்தார். அங்கேயும் விழுந்தது.

"அந்த ரெண்டு எடத்துலயும் இரும்பு மேல பட்டி கனமா இருக்கு. அதுக்கு அடியில இருக்கிற இரும்பு கிழிஞ்சிருக்கு. இதுமேல பெட்டியைக் கட்டிக்கிட்டு அக்காவைக் கூட்டிட்டுப் போகாதீங்க."

அய்யூப் தங்கராஜுவைப் பார்த்தார். தங்கராஜு சிரித்துச் சமாளித்தார். கூட்டத்துக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது, இப்போது பிரித்தால் அய்யூப் அண்ணன் கார் வராது, அவ்வளவுதான் என்றார். அய்யூப்புக்கு அந்தக் கூட்டம் பெரிய கனவு. தாடியைத் தடவிக்கொண்டு, "கூட்டம் முடிஞ்சு பார்ப்போம் தங்கச்சி. சட்டத்தை இப்போதைக்கு மாட்ட வேணாம்" என்றார்.

அவர் போனதும் தங்கராஜு கத்தினார். "என் கடையில, என் கஸ்டமர் முன்னால என் துணிய அவுக்கிறியா?"

"கிழிஞ்சதைத்தான் காட்டினேன்."

"இனிமே வராதே."

யோகேஸ்வரி கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தார். வெல்டிங் முகமூடி அவர் சொந்தமாக வாங்கியது. அதை எடுத்து மோட்டார் சைக்கிள் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அன்று சாயங்காலம் காளிதாஸ் என்னிடம் வந்து, "சார், இவளுக்கு வாயில ஒரு கீல் வச்சு மூட முடியுமான்னு பாருங்க" என்றார். வீட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது: "மூடினாலும் பட்டி போட விடமாட்டேன்!" காளிதாஸ் சிரித்துவிட்டார். ஆனால் அவர் கவலையோடுதான் இருந்தார். நானும் அப்போது, இந்த அம்மா கொஞ்சம் அனுசரித்துப் போயிருக்கலாமே என்றுதான் நினைத்தேன்.

அய்யூப்பின் கார் சிவப்பு நிறத்தில் கூட்டத்துக்குப் போனது. நிறையப் பேர் படம் எடுத்தார்கள். ஆகஸ்டு மாதம், கடைக்கு முன்னால் காரை நிறுத்தி, காரைப் போர்த்தும் மழைத்துணியை எடுக்க மூடியைத் தூக்கியபோது கிரீச்சென்றது. சிவப்பு பெயின்டில் மயிரிழை மாதிரி ஒரு கோடு. பக்கத்தில் இன்னொன்று. ரம்லா அதைப் பார்த்துவிட்டு, "அந்தப் பொம்பளை சொன்னதுதானே? அவளைத் தேடிப் புடிங்க. இல்லாட்டி நான் இதுல ஏற மாட்டேன்" என்றாராம்.

மணியம்தான் முகவரியைக் கொடுத்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அய்யூப் மூடியை மட்டும் கழற்றி, போர்வையில் சுற்றி, கடை வேனில் எடுத்துக்கொண்டு எங்கள் தாமானுக்கு வந்தார். நான் வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"தங்கச்சி, அன்னிக்கே உங்க பேச்சைக் கேட்டிருக்கணும்."

"ஆமா, கேட்டிருக்கணும்" என்றார் யோகேஸ்வரி. அவருக்கு உபசாரப் பேச்சு வராது. போர்வையை விலக்கிப் பார்த்தார். "மூடி மட்டும் போதாது. காரையும் கொண்டாங்க. மூடி, உடம்புன்னு ரெண்டு பக்கமும் செய்யாட்டி, ஒரு பக்கம் கெட்டியாகி மறுபக்கத்தைக் கிழிச்சிரும்."

காரை வீட்டு முன்கூரையின் கீழ் நிறுத்தி வேலையை ஆரம்பித்தார். சேமிப்பில் வாங்கிய சின்ன வெல்டிங் இயந்திரம் ஒன்று இருந்தது. முதல் நாள், இரும்பைத் தேய்க்கும் கிரைண்டர் சத்தத்தில் எங்கள் வீட்டு ஜன்னலே அதிர்ந்தது. பொறுக்க முடியாமல் போய்ச் சொன்னேன்.

"ஒம்பது மணிக்கு ஆரம்பிச்சு அஞ்சு மணிக்கு நிப்பாட்டிருவேன் சார். ஒரு வாரம். நடுவுல சத்தம் வரத்தான் செய்யும். ஊட்டு உள்ள உக்காந்து கோவப்படுறதுக்கு, இங்க வந்து இந்த விளக்கைப் புடிங்க."

கோபமாகப் போனவன் விளக்கைப் பிடித்தேன். பள்ளியில் இருபது வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். என்னை அப்படி யாரும் வேலை வாங்கியதில்லை.

முதலில் மூடியை மாட்டி, மூடிப் பார்த்து, சுற்றி இடைவெளி சமமாக இருக்கிறதா என்று அளந்து, கீல்களின் இடத்தைக் கோடு போட்டுக்கொண்டார். பிறகு அந்த இடங்களில் பெயின்டையும் பட்டியையும் சுரண்டி எடுத்து, ஒவ்வொரு விரிசலின் நுனியிலும் ஒரு சின்ன ஓட்டை போட்டார், விரிசல் அதற்குமேல் ஓடாமல் நிற்பதற்கு. விரிசல்களை ஒட்டி மூடினார். ஒன்றரை மில்லிமீட்டர் தகட்டில், உள்ளங்கையை விடப் பெரிதாக வெட்டி, மூலைகளை உருட்டி, உள்பக்க வளைவுக்கு ஏற்ப மெதுவாகத் தட்டி வளைத்தார். மூலை கூராக இருந்தால் அங்கிருந்து மறுபடி கிழிய ஆரம்பிக்குமாம். தகட்டில் வரிசையாக ஓட்டைகள் போட்டு, அவற்றின் வழியாகப் பழைய இரும்பையும் புதுத் தகட்டையும் சேர்த்து ஒட்டினார். ஒவ்வொரு ஒட்டுக்கும் நடுவில் தகட்டில் கை வைத்துச் சூடு பார்ப்பார். மூடிக்கு இரண்டு தகடு, உடம்புக்கு இரண்டு. அதற்கு முன்பே, தனித் துண்டுகளை ஒட்டி உளியால் பிரித்துப் பார்த்திருந்தார். தகடு கிழிந்தது, ஒட்டு விடவில்லை.

ஆறாம் நாள் அய்யூப் வந்து மூடியைத் தூக்கிப் பார்த்தார். வெளிப்பக்கம் மறுபடி சிவப்பு பெயின்ட் அடித்தாகிவிட்டது, உள்ளே தகடுகள் வெளிப்படையாகத் தெரிந்தன.

"ரொம்ப பலமா இருக்கு தங்கச்சி. ஆனா பாக்குறதுக்கு... பழைய கார்ல இது இருக்காதே. தேய்ச்சு மறைச்சிரலாமா?"

"எதுக்கு மறைக்கணும்? உடைஞ்சுது, ஒட்டியிருக்கு. தெரியட்டும். ஒட்டைத் தேய்ச்சா பலம் குறையும்."

"பழைய கார் கிளப்புல பேசுவாங்களே."

"பேசினா என்கிட்ட அனுப்புங்க."

சட்டத்தை மாட்டி, ஓர் அரிசி மூட்டையைக் கட்டி, கரடுமுரடான தொழிற்பேட்டைச் சாலையில் அய்யூப்பை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து போனார். திரும்பி வந்து போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தார். ஒன்றும் தளரவில்லை. "இருவது கிலோ. அதுக்கு மேல ஒரு துண்டு கூட வைக்கக் கூடாது" என்றார். அய்யூப் தலையில் கை வைத்தார். "ரம்லாவோட ஒரு பெட்டியே இருபத்தஞ்சு வருமே!" "அப்ப அஞ்சு கிலோ துணிய ஊட்டுல வச்சிட்டு வரச் சொல்லுங்க." அவர்கள் செப்டம்பரில் திரெங்கானுவரை போய் வந்தார்கள். ரம்லா அங்கிருந்து கெரோப்போக் என்னும் மீன் அப்பளப் பொட்டலங்கள் வாங்கி வந்து யோகேஸ்வரியிடம் கொடுத்தார்; எங்களுக்கும் பங்கு வந்தது.

அதற்குள் யாரோ புகார் செய்து, குடியிருப்பில் பட்டறை நடத்தக்கூடாது என்று நகராண்மைக் கழகத்திலிருந்து கடிதம் வந்தது. புகார் செய்தது நான் இல்லை. யோகேஸ்வரி கடிதத்தைப் படித்து, "சரிதான், ஊடு ஊடுதான்" என்று மடித்து வைத்தார். தங்கராஜுவும் மணியத்திடம் சொல்லி அனுப்பினார், திரும்பி வரட்டும் என்று. யோகேஸ்வரி ஒன்றே ஒன்று கேட்டார்: விரிசல் மேல் பட்டி போடச் சொல்ல மாட்டேன் என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். தங்கராஜு சொல்லவில்லை. இவரும் போகவில்லை. தொழிற்பேட்டை ஓரத்தில் டயர் கடைக்குப் பக்கத்தில், சொந்தப் பட்டறைக்காக அரைக் கடை இடத்தை வாடகைக்குப் பிடித்தார்.

இந்த வருடக் கூட்டத்துக்கு அய்யூப் அவரையும் கூப்பிட்டார். காளிதாஸும் நானும் கூடப் போனோம். அங்கே பரிசுக்காகக் கார்களுக்கு மதிப்பெண் போடுபவர் கையில் அட்டையோடு வந்து, பின்மூடியைத் திறந்து, உதட்டைப் பிதுக்கினார்.

"இது ஒரிஜினல் இல்லையே. இதுக்கு மார்க்கு கொறையும்."

அய்யூப் வாயைத் திறக்குமுன் யோகேஸ்வரி முன்னால் வந்தார். "நான்தான் வச்சேன். எவ்ளோ கொறைக்கணுமோ கொறைச்சுக்குங்க சார். ஒரிஜினல் எப்படிக் கிழிஞ்சிருந்துச்சுன்னு படம் இருக்கு, பாக்குறீங்களா?"

கைப்பேசியில் படத்தைக் காட்டினார். அந்த மனிதர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். அட்டையில் மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டு அடுத்த காருக்குப் போனார். அய்யூப்புக்குப் பரிசு இல்லை. முகம் கொஞ்சம் வாடத்தான் செய்தது. ரம்லா நாற்காலியில் உட்கார்ந்தபடியே, "பரிசுக் கோப்பையைச் சட்டத்துல கட்டினா இருவது கிலோ தாண்டிரும். வாங்க, சாப்பிடலாம்" என்றார்.

நாங்கள் சாப்பிடப் போனபோது யோகேஸ்வரி எங்களோடு வரவில்லை. மூன்று வரிசை தள்ளி நின்ற ஒரு வெள்ளைக் காரின் சொந்தக்காரர், மதிப்பெண் போடுபவர் தாண்டிப் போகும்வரை காத்திருந்து, மெதுவாக அவரிடம் வந்து கேட்டிருக்கிறார், தன் காரின் பின்மூடியையும் ஒரு தடவை பார்க்க முடியுமா என்று. நான் திரும்பிப் பார்த்தபோது யோகேஸ்வரி அந்தக் காருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, மூடிக்குள் தலையை விட்டிருந்தார். சொந்தக்காரர் பக்கத்தில் நின்று கைப்பேசி விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார்.